இறக்கத்தில் ஒரு மேடு

மன்னவனூர் நைட் ஹால்ட்.
காலை ஐந்தரைக்கு முதல் நடை.
அதற்கு முன்னால், நாலேகாலுக்கு,
சம்பளமில்லாத டூட்டி ஒன்று எனக்கு உண்டு.

ஸ்வெட்டர், அதன்மேல் காக்கி, குல்லாய்.
செல்போன் டார்ச்சில் சிவப்பு மிட்டாய்த்தாள்
ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருக்கிறேன்.
வெள்ளை வெளிச்சம் ஒருதரம் பட்டால்
இருபது நிமிஷத்துக்குக் கண் எதற்கும் ஆகாது.
காரட் கழுவும் ஷெட்டில் யாரோ பல்பைப் போட,
பஸ்ஸின் பின்பக்கம் ஒதுங்குகிறேன்.
டீசல். ஈரமண். படிவயல்களில் பூண்டு.

கிழக்கே திருவோணம் ஏறி நிற்கிறது,
நடுவில் பெரியது, பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு.
கையை நீட்டி ஒரு முஷ்டி வலப்பக்கம் தள்ளினால்
அந்தச் சாதாரண நட்சத்திரம்.
கிரேக்கப் பெயர் உண்டாம், என் வாய்க்கு வரவில்லை.
ஏழு நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை
உப்பிச் சுருங்கும் என்று சொன்னதிலிருந்து
டிரைவர் சேசுராஜ் அதற்கு வைத்த பேர்
ஏழரை.

மினுக்குவது வேறு, அது நம் காற்றின் நடுக்கம்.
இது தானாகவே மங்கும், தானாகவே தெளியும்.
பக்கத்தில் பளிச்சென்று ஒன்று, மங்கலாய் ஒன்று,
இரண்டுக்கும் இடைவெளியைப் பத்துப் பங்கு வைத்து
இது எந்தப் பங்கில் நிற்கிறதென்று எழுதவேண்டும்.
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கிழித்தவனுக்கு
இது வராதா?
வந்தது. உற்றுப் பார்த்தால் ஊதிப்பெருக்கிக் காட்டும்,
அதனால் பார்த்தும் பார்க்காமலும் பார்க்கப் பழகினேன்,
சில்லறை பாக்கி கேட்பவரைப் பார்ப்பதுபோல.

மலை வண்டிக்கு நேர்மாறு அது.
ஏறுவது விறுவிறுவென்று, இரண்டே நாள்.
இறங்கத்தான் ஐந்து நாள்.
ரத்தான டிரிப் ஷீட்டுகளின் முதுகில்
புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தேன்.
வழுவழுவென்று வந்திருந்தது கோடு.

பங்குனியில் மூன்று நாள் லீவு,
வத்தலக்குண்டில் மச்சினி மகனுக்குக் காதுகுத்து.
அங்கே வானம் என்று ஒன்று இருந்தது,
தெருவிளக்கின் நிறத்தில்.

திரும்பி வந்தால் என் நோட்டில் வேறு கையெழுத்து.
‘பிரேக் இடப்பக்கம் இழுக்குது’ என்று
டிப்போ புத்தகத்தில் எழுதும் அதே சாய்ந்த எழுத்து:
மணி 4.20. மேகம் இல்ல.
பெருசிலேர்ந்து நாலு. சின்னதுக்கு ஆறு.

“இறங்குற நேரம்யா அது.
ஆறாவது பங்குல இருக்கணும். நாலு எப்படி வரும்?”
சேசுராஜ் பானெட்டில் டீ கிளாஸை வைத்தார்.
“தெரிஞ்சதை எழுதினேன்.
நீ வரவேண்டியதை எழுதுற.”

நான் பதில் சொல்லவில்லை.
அவர் எழுதியதன் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன், சின்னதாய்.

அடுத்த சுற்று முழுக்க மேகம்.
அதற்கடுத்ததில் ஷெட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
காட்டுமாடு ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்க
நான் சீட்டிலிருந்து இறங்கவேயில்லை.
மூன்றாவது சுற்றில், தள்ளித் தள்ளிப் போகும்
அந்த நாலு மணி நேரத்தையும் கூட்டிக் கழித்து,
பழைய தாள் ஒன்றையும் திறக்காமல் பார்த்தேன்.
இறங்கியது. இன்னும் இறங்கியது.
ஓரிடத்தில் நின்றது.
லேசாக ஏறியதுபோலவும் இருந்தது.
நாலு என்று எழுதும்போது
விரல் விறைத்திருந்தது, குளிர்தான்.

பிறகு பழைய தாள்களைப் பிரித்தேன்.
அதே நாள், அதற்கு முந்தைய ஐந்து சுற்றிலும்:
ஆறு. ஆறு. ஆறு. ஆறு. ஆறு.
அழகான கையெழுத்தில்.

ஐந்தரை. விசில்.
பனி வழியும் கண்ணாடியில் வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
சேசுராஜிடம் இன்னும் சொல்லவில்லை,
கோடைக்கானல் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.
பூம்பாறைக்கு முன்னால் ஓர் இறக்கம்,
அதன் பாதியில் ஒரு மேடு,
போர்டும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது.
அவர் கியரை மாற்றுவதற்குள்
கம்பியைப் பிடிக்காமல் நின்ற என் முழங்கால்
பதினோரு வருஷமாய் மடங்குவதுபோல் மடங்கிக் கொடுக்கிறது.

கவுஞ்சி ஆள் யாரு, டிக்கெட் எடுத்தாச்சா?